படையும் பருப்பும்: திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சூடான், சிரியா, ஏமன் என்று செய்தி வரும்போதெல்லாம் எங்கள் ஊரில் பழைய வாக்குவாதம் ஒன்று திரும்பக் கிளம்பும். "எங்களுக்கு மட்டும் ஏன் ஒருத்தரும் வரவில்லை?" என்று ஒரு பக்கம் கேட்கும். "வந்தவர்கள் செய்தது போதாதா?" என்று மற்றப் பக்கம் திருப்பிக் கேட்கும். 1983 முதல் 2009 வரை இலங்கை அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் நடந்த போரில் வெளிநாட்டுப் படையும் வந்தது, வெளிநாட்டு அரிசியும் வந்தது, இரண்டுமே திருகோணமலையைத் தொடாமல் போகவில்லை. போர்க்காலத்தில் சில வருடம் நிவாரணப் பங்கீட்டு வேலையில் நின்றவன் என்பதால் இளம் ஆக்கள் என்னிடம் கேட்கிற கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். கட்சி சார்ந்த பதில் வேண்டுமென்றால் வேறு இடம் பார்க்கலாம்.

படை வேறு, நிவாரணம் வேறு அல்லவா? ஏன் ஒன்றாகப் பேசுகிறீர்கள்?

கடதாசியில் வேறுதான். நிலத்தில் இரண்டும் ஒரே வாசலால் வந்தாக வேண்டும்: ஒரு துறைமுகம், ஒரு ஓடுபாதை, யாழ்ப்பாணம் போகிற ஏ9 மாதிரி ஒரு வீதி. அந்த வாசலின் திறப்பு யார் கையில் இருக்கிறதோ அவர் அரிசியை விடுவார், சீமெந்தை விடமாட்டார். டாக்டரை விடுவார், மயக்க மருந்தை மறித்து வைப்பார். வெளியில் இருந்து வருகிறவருக்கும் சொந்தக் கணக்கு ஒன்று இருக்கும். அதனால் யார் எவ்வளவு கொண்டுவந்தார்கள் என்பதை விட, யார் விட்டதால் வந்தது, எதற்காக விட்டார்கள் என்று பார்ப்பதுதான் எனக்குப் பிரயோசனமாகப் படுகிறது. கீழே வருகிற பதில்கள் எல்லாம் அந்த இடத்தைச் சுற்றித்தான் ஓடும்.

1987 ஜூனில் இந்திய விமானங்கள் யாழ்ப்பாணத்தில் உணவுப் பொதி போட்டனவே. அது நிவாரணமா, மிரட்டலா?

இரண்டும்தான். அந்த வருடத் தொடக்கத்தில் இருந்தே யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு அரசின் எரிபொருள் தடை. மே 26 இல் குடாநாட்டின் வடமராட்சிப் பகுதியில் இலங்கை இராணுவம் பெரிய நடவடிக்கை ஒன்றைத் தொடங்கியது. ஜூன் 3 இல் ராமேஸ்வரத்தில் இருந்து இந்திய செஞ்சிலுவைச் சங்கத்தின் பேரில் இருபதுக்குக் கிட்டிய மீன்பிடிப் படகுகளில் சாமான் ஏற்றி அனுப்பினார்கள். இலங்கைக் கடற்படை நடுக்கடலில் மறித்துத் திருப்பியது. அடுத்த நாளே ஐந்து அன்ரனோவ்-32 விமானங்கள், காவலுக்கு மிராஜ்-2000 போர் விமானங்கள், மேலே இருந்து சுமார் 25 தொன் பொதி. "பூமாலை" என்று அந்த நடவடிக்கைக்குப் பெயர். புறப்படுவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் டெல்லியில் இருந்த இலங்கைத் தூதுவரைக் கூப்பிட்டு, விமானங்கள் வருகின்றன, தடுத்தால் பதிலடி உண்டு என்று சொன்னார்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். குடாநாட்டில் அப்போது ஏழெட்டு லட்சம் சனம். 25 தொன்னை அத்தனை பேருக்கும் பிரித்தால் ஆளுக்கு ஒரு கைப்பிடி அரிசி கூடத் தேறாது. கொழும்புக்கு உறைத்தது மிராஜின் சத்தம்தான். வடமராட்சி நடவடிக்கை அதோடு நின்றது, எட்டாவது கிழமை ஒப்பந்தம் கையெழுத்தாகியது. யாழ்ப்பாணத்துச் சனம் அன்றைக்கு வானத்தைப் பார்த்துக் கைதட்டியது என்றால் அதில் பிழை சொல்ல நான் ஆளில்லை, மேலே இருந்து குண்டு மட்டுமே விழுந்து பழகிய சனத்துக்குப் பொதி விழுந்தால் எப்படி இருக்கும்!

சட்டப் பக்கம் ஒரு சுவாரசியம் உண்டு. அதற்கு முந்தைய வருடம்தான், 1986 இல், நிக்கரகுவா வழக்கில் சர்வதேச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது: இன்னொரு நாட்டில் இருக்கும் மக்களுக்கு உண்மையான மனிதாபிமான உதவி செய்வது சட்டவிரோதத் தலையீடு ஆகாது, ஆனால் அது தேவைப்படுகிற எல்லோருக்கும் பாகுபாடு இல்லாமல் போக வேண்டும். இன்னொரு நாட்டு வான்பரப்புக்குள் அனுமதியில்லாமல் போர் விமானக் காவலோடு போவதை அந்தத் தீர்ப்புக்குள் அடக்குவது கஷ்டம்.

அப்படியென்றால் இந்தியன் ஆமி வந்ததும் படையெடுப்பா?

இல்லை. அதைக் கூப்பிட்டது அப்போதைய ஜனாதிபதி ஜே.ஆர். ஜயவர்தன. 1987 ஜூலை 29 இல் ராஜீவ் காந்தியும் அவரும் கொழும்பில் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் இணைப்பில், தேவைப்பட்டால் ஜனாதிபதி இந்திய அமைதி காக்கும் படையை அழைக்கலாம் என்று எழுதியிருந்தது. அடுத்த நாளே படை இறங்கியது. தெற்கில் ஒப்பந்தத்துக்கு எதிராகக் கலவரம், சிங்கள இடதுசாரிக் கிளர்ச்சி இயக்கமான ஜே.வி.பி.யின் பிரச்சினை எல்லாம் சேர்ந்து வெடித்ததால், வடக்கில் இருந்த இலங்கைப் படையைத் தெற்குக்கு நகர்த்த வேண்டிய அவசரமும் அவருக்கு இருந்தது. அந்தப் படையை ஏற்றி இறக்கியதிலும் இந்திய விமானங்கள் உதவின. அழைப்பு இருந்தது, சரி. யார் பெயரால் அமைதி காக்க வந்தார்களோ அந்தச் சனத்திடம் யாரும் கேட்கவில்லை, சண்டை பிடித்த இயக்கமான புலிகளும் ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை. இரண்டு அரசுகள் கையெழுத்திட்டு மூன்றாமவரின் ஆயுதத்தைக் களையப் போனால் என்ன நடக்கும் என்பதை, இந்தியப் படைக்கும் புலிகளுக்கும் சண்டை தொடங்கிய அக்டோபர் 10 க்குப் பிறகு எல்லோரும் பார்த்தோம்.

திருகோணமலை இதற்குள் எப்படி வந்தது?

எப்போதும் வருகிற மாதிரித்தான், துறைமுகத்தால். ஒப்பந்தத்தோடு இருவரும் கடிதங்களும் மாற்றிக்கொண்டார்கள். அதில் இரண்டு விஷயம் எங்கள் ஊரைப் பற்றியது. திருகோணமலையோ வேறு துறைமுகமோ இந்தியாவின் நலனுக்குப் பாதகமாக வேறு நாடு எதற்கும் இராணுவத் தேவைக்குக் கொடுக்கப்படாது என்பது ஒன்று. சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகளைத் திருத்தி இயக்குவதை இரண்டு நாடும் கூட்டு முயற்சியாகச் செய்யும் என்பது மற்றது.

சீனக்குடாக் காட்டுக்குள் நிற்கிற தாங்கிகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பிரிட்டிஷ்காரர் கட்டியவை, ஒவ்வொன்றும் பெரிய கோயில் மண்டபம் அளவு, இப்போது 99 நிற்கின்றன. 1942 ஏப்ரலில் ஜப்பான் விமானங்கள் தாக்கியதும் அந்தப் பக்கம்தான். 2003 இல் இந்திய எண்ணெய்க் கம்பனி இங்கே வந்தது. கடைசியில் 2022 ஜனவரியில்தான் பங்கு பிரித்தார்கள்: 14 இந்தியக் கம்பனிக்கு, 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 61 இரண்டும் சேர்ந்த கம்பனிக்கு. தமிழ் மக்களின் அதிகாரப் பகிர்வும் அந்த 1987 ஒப்பந்தத்தில்தான் இருந்தது. இரண்டில் எது முன்னுக்குப் போனது என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

இந்தியன் ஆமி இருந்த காலம் இங்கே எப்படி இருந்தது?

யாழ்ப்பாணத்துக் கதையும் திருகோணமலைக் கதையும் ஒன்றல்ல. இதைத் தமிழ்நாட்டு நண்பர்களுக்கு விளக்குவதே பெரும்பாடு.

யாழ்ப்பாணத்தில் ஒப்பந்தம் கையெழுத்தாகி மூன்று மாதம் முடிவதற்குள் போர். அக்டோபர் 21, 22 இல் யாழ் போதனா வைத்தியசாலைக்குள் நோயாளர், டாக்டர், தாதியர் என்று அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள். அதை மறந்துவிட்டு அமைதிப்படையைப் பற்றிப் பேச முடியாது.

திருகோணமலையில் 1983 க்குப் பிறகு ஊர் ஊராகத் தமிழ்ச் சனம் துரத்தப்பட்டிருந்தது. தென்னைமரவாடி மாதிரி எல்லைக் கிராமங்கள் 1984 கடைசியிலேயே வெறிச்சோடிவிட்டன. அந்த நிலையில் இந்தியப் படை வந்தபோது பல குடும்பங்கள் முதன்முதலாகத் தைரியமாக வீடு திரும்பின. அதே 1987 அக்டோபரில் இங்கே சிங்களக் குடும்பங்கள் தாக்கப்பட்டு வெளியேறின, அமைதி காக்க வந்தவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள் என்ற குற்றச்சாட்டு அப்போதே எழுந்தது. ஒரு வீட்டுக்குக் காவலாக இருந்த துவக்கு பக்கத்து வீட்டுக்குக் காவலாக இருக்கவில்லை. முஸ்லிம் நண்பர்களிடம் கேட்டால் அவர்களுக்கு இன்னொரு கதை இருக்கும், அதையும் கேளுங்கள்.

1988 கடைசியில் வடகிழக்கு மாகாண சபை வந்தது. தலைநகரம் திருகோணமலை, முதலமைச்சர் வரதராஜப் பெருமாள். படை நிற்கும்வரை சபை நிற்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அதனால்தான் 1989 இல் தமிழ்த் தேசிய இராணுவம் என்று ஒன்றை அவசரமாக உருவாக்கப் போய்ப் பிள்ளைபிடி தொடங்கியது. ரியூஷனுக்குப் போன பெடியன், சைக்கிளில் கடைக்குப் போன பெடியன் என்று றோட்டில் கண்டவனை வாகனத்தில் ஏற்றினார்கள். அந்த வருடம் எத்தனை வீடுகளில் மகனைப் பகலில் பரணிலும் இரவில் உறவினர் வீட்டிலும் ஒளித்து வைத்தார்கள் என்று இங்கே ஐம்பது வயதுக்கு மேற்பட்ட யாரையும் கேட்டுப் பாருங்கள்.

போகும்போது என்ன நடந்தது?

புதிய ஜனாதிபதி பிரேமதாச 1989 ஜூனில் வெளியேறச் சொன்னார். புலிகளும் அதையே சொன்னார்கள், இரண்டு பேருக்கும் கொஞ்சக் காலம் ஒரே எதிரி. சுமார் 1,200 இந்தியச் சிப்பாய்களைப் பறிகொடுத்த பிறகு, 1990 மார்ச் 24 இல் கடைசி அணி கப்பல் ஏறியது எங்கள் துறைமுகத்தில் இருந்துதான். பெருமாள் அதற்கு முன்பே போய்விட்டார். பிடித்துக்கொண்டு போன பெடியள்தான் புலிகளிடம் அம்பிட்டார்கள், அவர்களில் பலருக்கு என்ன நடந்தது என்று பெற்றோருக்கே தெரியாது. மூன்று மாதம் கழியவில்லை, ஜூனில் அடுத்த போர். அமைதிப்படைக் காலத்தில் வீடு திரும்பிய குடும்பங்களில் எத்தனையோ திரும்பவும் படகேறித் தமிழ்நாட்டு மண்டபம் அகதி முகாமுக்குப் போயின. தலையீடு பற்றிப் பேசுகிற எந்தப் பேராசிரியரும் வரும் நாளைப் பற்றித்தான் பக்கம் பக்கமாக எழுதுகிறார். போகும் நாளைப் பற்றி எழுதுபவர் குறைவு.

யார் கூப்பிட்டால் வெளிநாட்டுப் படை வரலாம்? சட்டம் என்ன?

சுருக்கமாக மூன்று வழி. அரசு அழைக்கலாம். ஐ.நா. பாதுகாப்புச் சபை சாசனத்தின் ஏழாம் அத்தியாயத்தின் கீழ் அனுமதிக்கலாம். தாக்கப்பட்ட நாடு தற்காப்புக்காகச் சண்டை பிடிக்கலாம். "மக்களைக் காப்பாற்ற" என்று மட்டும் சொல்லிக்கொண்டு நுழைவதற்குச் சாசனத்தில் தனி வாசல் இல்லை. 2005 உலக உச்சிமாநாட்டில் "பாதுகாக்கும் பொறுப்பு" என்று ஒன்றை எல்லா நாடுகளும் ஏற்றுக்கொண்டன, அதுவும் கடைசியில் பாதுகாப்புச் சபைக்குள்தான் போய் நிற்கிறது, அங்கே தீர்மானத்தைத் தடுக்கும் வீட்டோ உரிமை ஐந்து நாடுகளின் கையில்.

அரசு அழைக்கிற வழி இலங்கைக்குப் புதிதில்லை. 1971 ஜே.வி.பி. கிளர்ச்சியின்போது பிரதமர் சிறிமாவோ கேட்டதும் இந்தியாவும் ஹெலிகொப்டர் அனுப்பியது, பாகிஸ்தானும் அனுப்பியது, சோவியத் மிக்-17 அனுப்பியது. அந்த வருடக் கடைசியில் இந்தியாவும் பாகிஸ்தானும் போர் புரிந்தன என்பதை நினைத்தால் சிரிப்புத்தான் வரும்.

படை வராமலே தலையிட முடியுமா?

பெரும்பாலான தலையீடு அப்படித்தான். எண்பதுகளில் தமிழ் இயக்கங்களுக்கு இந்தியாவில் பயிற்சி, அதே காலத்தில் இலங்கைப் பொலிஸின் விசேட அதிரடிப்படைக்கு பிரிட்டிஷ் கூலிப்படை நிறுவனம் ஒன்றின் பயிற்சி. 2000 ஏப்ரலில் ஆனையிறவுப் படைமுகாம் புலிகளிடம் விழுந்ததும் அரசுக்குப் பாகிஸ்தானின் பல்குழல் பீரங்கி, இஸ்ரேலின் கிபிர் போர் விமானம். சிப்பாய் ஒருவரும் கப்பலால் இறங்கவில்லை, ஆனால் போரின் போக்கு மாறியது.

சாப்பாட்டை மறிப்பது போர்க்குற்றம் இல்லையா?

பொதுமக்களைப் பட்டினி போடுவதைப் போர்முறையாகப் பயன்படுத்தக் கூடாது என்பது உள்நாட்டுப் போருக்கும் பொருந்தும் வழக்காற்றுச் சட்டம். உள்நாட்டுப் போருக்கென்று 1977 இல் எழுதிய இரண்டாம் மேலதிக நெறிமுறையில் இலங்கை சேரவில்லை, ஆனால் ஜெனீவா உடன்படிக்கைகளின் பொதுவான மூன்றாம் உறுப்புரை கட்டுப்படுத்தும். பிரச்சினை எங்கே என்றால், நிவாரணம் போக அரசின் சம்மதம் வேண்டும் என்பதும் அதே சட்டத்தில்தான் இருக்கிறது. 1991 இல் ஐ.நா. பொதுச்சபை எடுத்த 46/182 தீர்மானமும் அதையே சொல்கிறது. நியாயமில்லாமல் சம்மதத்தை மறுக்கக் கூடாது என்பார்கள். எது நியாயம் என்று வாசலில் நிற்கிற சிப்பாய்தான் முடிவெடுக்கிறார்.

தடை என்றால் "சாப்பாடு இல்லை" என்று பலகை மாட்டுவதில்லை. பற்றரி இல்லை, பெற்றோல் இல்லை, சீமெந்து இல்லை, உரம் இல்லை. வடக்கில் மண்ணெண்ணெய்க்குப் பஞ்சம் வந்து, ஜாம் போத்தலுக்குள் திரி வைத்து எரித்த காலத்தைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். மண்ணெண்ணெய் இல்லாவிட்டால் வள்ளம் ஓடாது, தோட்டத்துக்குத் தண்ணீர் இறைபடாது. பிறகு நிவாரண அரிசி கொடுத்தால், தானே உழைத்துச் சாப்பிட்ட சனம் வரிசையில் நிற்கும்.

மறித்தது ஒரு பக்கம் மட்டும் இல்லை. 2006 ஜூலையில் மாவிலாற்று அணையின் கதவைப் பூட்டியது புலிகள். கீழே வயல் செய்த ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குத் தண்ணீர் நின்றுபோனது, பெரும்பாலும் சிங்களக் குடும்பங்கள், முஸ்லிம் குடும்பங்களும் இருந்தன. நான்காம் ஈழப்போர் தொடங்கிய இடம் எங்கள் மாவட்டத்து வாய்க்கால் ஒன்றின் கதவு.

மூதூரில் தொண்டு நிறுவன ஊழியர்கள் கொல்லப்பட்டது எப்போது?

அதே சண்டையின் தொடர்ச்சியில். 2006 ஆகஸ்ட் 2 இல் புலிகள் மூதூருக்குள் வந்தார்கள், செல் மழை, முஸ்லிம் சனம் ஊரோடு கிளம்பிக் கந்தளாய்ப் பக்கம் நடந்தது. ஆகஸ்ட் 4 இல் பிரெஞ்சு நிறுவனமான "பட்டினிக்கு எதிரான செயல்" அமைப்பின் உள்ளூர் ஊழியர் 17 பேர் தங்கள் அலுவலக வளவுக்குள்ளேயே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பதினாறு தமிழர், ஒரு முஸ்லிம். சுனாமிக்குப் பிறகு தண்ணீர், மலசலகூட வேலைக்குப் போனவர்கள், பலர் திருகோணமலைப் பிள்ளைகள். நிறுவனத்தின் பெயர் போட்ட சட்டையோடுதான் கிடந்தார்கள். பாதுகாப்புப் படைதான் செய்தது என்று நோர்வே தலைமையிலான போர் நிறுத்தக் கண்காணிப்புக் குழு சொன்னது, அரசு மறுத்தது, ஜனாதிபதி ஆணைக்குழு இருந்தது, இன்றுவரை ஒருவரும் தண்டிக்கப்படவில்லை.

வெள்ளைக்கார அதிகாரிகளைப் பாதுகாப்புக்காகத் திருப்பி எடுக்க விமானம் இருக்கும், காப்புறுதி இருக்கும். களத்தில் மிஞ்சுவது உள்ளூர்ப் பிள்ளைகள். இது மூதூருக்கு மட்டும் உரிய கதை இல்லை, எந்த நாட்டிலும் கொல்லப்படும் நிவாரண ஊழியர்களில் பெரும்பாலானோர் அந்த நாட்டுக்காரர்தான்.

நோர்வேக் கண்காணிப்புக் குழு என்ன செய்தது?

2002 போர் நிறுத்தத்தோடு வந்தது. ஐந்து நோர்டிக் நாட்டவர், ஆயுதம் கிடையாது, எழுதிக்கொள்வார்கள். திருகோணமலையிலும் அலுவலகம் இருந்தது. 2006 ஆகஸ்டில் குழுத் தலைவர் மாவிலாற்றுக் கதவைத் திறக்க நேரே போனபோது இராணுவப் பீரங்கி முழங்கியது. அதே காலத்தில் ஐரோப்பிய ஒன்றியம் புலிகளைத் தடை செய்ததால், ஒன்றிய நாட்டுக் கண்காணிப்பாளர் போக வேண்டும் என்று புலிகள் சொன்னார்கள். மிச்சம் நோர்வேயும் ஐஸ்லாந்தும். 2008 ஜனவரியோடு அதுவும் முடிந்தது.

2009 இல் ஏன் ஒருத்தரும் வரவில்லை?

இந்தக் கேள்விக்குப் பதில் 2008 செப்டம்பரில் தொடங்குகிறது. பாதுகாப்புக்கு உத்தரவாதம் தர முடியாது என்று அரசு சொன்னதும் ஐ.நா.வும் சர்வதேசத் தொண்டு நிறுவனங்களும் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த கிளிநொச்சியை விட்டு வெளியேறின. போகாதீர்கள் என்று சனம் ஐ.நா. அலுவலக வாசலை மறித்து நின்றது. அப்படியும் போனார்கள். தங்கி நின்றது சர்வதேச செஞ்சிலுவைக் குழு மட்டும். அதற்குப் பிறகு உள்ளே என்ன நடக்கிறது என்று நேரே சொல்ல வெளி ஆள் அநேகமாக இல்லை.

எண்ணிக்கை விளையாட்டையும் பாருங்கள். 2009 தொடக்கத்தில் அரசு சொன்னது உள்ளே சுமார் 70,000 பேர்தான் என்று. வெளியே வந்து முகாம்களில் நின்றது 280,000 க்கு மேல். சாப்பாடும் மருந்தும் அனுப்பியது முதல் எண்ணுக்குத்தான் என்றால் மிச்சத்தை யோசித்துக்கொள்ளுங்கள். புலிகளும் சனத்தை வெளியே விடவில்லை, தப்பி ஓடியவர்களைச் சுட்டார்கள், கடைசி மாதங்களில் வீட்டுக்கு ஒருவர் என்று இருந்ததையும் தாண்டிப் பிள்ளைகளைப் பிடித்தார்கள். இதைச் சொன்னால் எனக்குத் திட்டு விழும், பரவாயில்லை.

பாதுகாப்புச் சபை இலங்கையை ஒருநாளும் முறையான நிகழ்ச்சி நிரலில் சேர்க்கவில்லை. முறைசாராக் கூட்டங்கள், மே 13 இல் ஒரு பத்திரிகை அறிக்கை, அவ்வளவுதான். சீனாவும் ரஷ்யாவும் விடவில்லை என்பது உண்மை. அதற்கு மேல், புலிகள் தோற்க வேண்டும் என்று மேற்கு நாடுகளும் இந்தியாவும் விரும்பின என்பதும் உண்மை. 2011 இல் ஐ.நா. நிபுணர் குழு 40,000 வரை பொதுமக்கள் இறந்திருக்கலாம் என்றது. 2012 நவம்பரில் ஐ.நா.வின் உள்ளக அறிக்கை, தன் அமைப்பே பாரதூரமாகத் தவறியது என்று ஒத்துக்கொண்டது. ஒத்துக்கொள்ள மூன்றரை வருடம்.

கிரீன் ஓஷன் கப்பல் என்றால் என்ன?

சர்வதேச செஞ்சிலுவைக் குழு வாடகைக்கு எடுத்த கப்பல். தரைவழி முழுக்க அடைபட்ட பிறகு, 2009 பெப்ரவரி 10 முதல் மே 9 வரை, சனம் சிக்கியிருந்த முல்லைத்தீவுக் கரையில், புதுமாத்தளன் பக்கம் இருந்து காயப்பட்டவர்களையும் நோயாளரையும் கொண்டுவந்தது. கரைக்கு வர முடியாது, அதனால் மீன்பிடி வள்ளங்களில் ஏற்றிப் போய்க் கடலில் வைத்துக் கப்பலுக்கு மாற்ற வேண்டும். துணையாக வந்தவர்களையும் சேர்த்து 13,000 க்கு மேல் ஆக்களை இப்படி எடுத்தார்கள். திரும்பிப் போகும்போது உணவு கொண்டுபோகும், ஆனால் எவ்வளவு, என்ன மருந்து என்பது பாதுகாப்பு அமைச்சின் கையில்.

முதலில் நோயாளரைத் திருகோணமலைக்குக் கொண்டுவந்தார்கள். இறங்கியதும் சோதனை, பெயர்ப் பதிவு, அதற்குப் பிறகுதான் ஆஸ்பத்திரி. வார்ட்டில் கட்டில் போதாமல் விறாந்தையில் பாய். வந்தவர்களில் பலரிடம் உடுத்த துணி தவிர ஒன்றும் இல்லை, ஊர்ச்சனம் சாரமும் சட்டையும் பால்மாவும் சேர்த்துக்கொண்டு போகும், வாசலில் அடையாள அட்டை பார்த்துச் சிலரை விடுவார்கள், சிலரை விடமாட்டார்கள். கொடுக்கப் போனவர் பெயரும் எழுதப்படும் என்ற பயத்தில் பையை மட்டும் கொடுத்துவிட்டுத் திரும்பியவர்களும் உண்டு. மார்ச்சில் இருந்து கப்பலைப் புல்மோட்டைக்குத் திருப்பினார்கள், எங்களிடம் இருந்து ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் வடக்கே. அங்கே இந்திய மருத்துவ அணி ஒன்று கள வைத்தியசாலை போட்டது. 1987 இல் மிராஜோடு வந்த அதே நாடு, இந்த முறை கொழும்பின் சம்மதத்தோடு கூடாரமும் மருந்தும் கொண்டு வந்தது. நல்ல டாக்டர்கள், நன்றாகவே பார்த்தார்கள். காயத்துக்குக் கட்டுப்போடலாம், காயம் உண்டாகிற இடத்துக்குப் போக அவர்களுக்கு அனுமதி இல்லை.

நிவாரணம் வாங்கியவர்கள் அதை விற்றார்களாமே?

விற்றார்கள், நானே பார்த்தேன், தப்பில்லை. 2006 க்குப் பிறகு மூதூர்ப் பக்க முகாம்களில் கொடுத்தது அரிசி, கோதுமை மா, பருப்பு, சீனி, எண்ணெய். தராசு பழுதான நாளில் வாளியால் அளப்போம், வாளியைத் தட்டி அளப்பதா குவித்து அளப்பதா என்பதில் சண்டை வரும். பங்கீட்டு அட்டையில் பெயர் இல்லாத குழந்தைக்குப் பங்கு இல்லை, கிராம சேவகர் கையெழுத்து வைத்துத்தான் சேர்க்க வேண்டும், அவரும் இடம்பெயர்ந்து வேறு முகாமில் இருப்பார். அப்படி வாங்கிய மாவில் பாதியைக் கடையில் கொடுத்துத் தேங்காயும் மீனும் பிள்ளைக்குக் கொப்பியும் வாங்குவார்கள். அறிக்கை எழுதுகிறவர்கள் இதை "முறைகேடு" என்று எழுதுவார்கள். மாதக் கணக்காகத் தேங்காய் இல்லாமல் பருப்பு மட்டும் சாப்பிட்டுப் பார்த்திருந்தால் அப்படி எழுத மாட்டார்கள்.

ஆமியே நிவாரணம் கொடுத்தால் என்ன குறை? லொறியும் ஹெலியும் அவர்களிடம்தானே?

சுனாமியின்போது ஒரு குறையும் இல்லை. 2004 டிசம்பர் 26 க்குப் பிறகு இந்தியக் கடற்படைக் கப்பல்கள் இங்கேயும் வந்தன, யாரும் கேள்வி கேட்கவில்லை, கடலுக்குக் கட்சி இல்லை. (காசைப் பங்கிட அரசும் புலிகளும் 2005 ஜூனில் செய்த பொதுக் கட்டமைப்பு உடன்பாட்டின் முக்கிய பகுதிகளை அடுத்த மாதமே உயர் நீதிமன்றம் இடைநிறுத்தியது, அரசியல் அப்போதும் தூங்கவில்லை.)

போரில் அப்படி இல்லை. காலையில் செல் அடித்த அதே சீருடை பின்னேரம் பார்சல் நீட்டினால், வாங்குகிறவர் மற்றப் பக்கத்தின் கண்ணில் துரோகி. வாங்காவிட்டால் இந்தப் பக்கத்தின் கண்ணில் புலி. அதோடு வரிசையில் நிற்பவரிடம் "அங்கே எத்தனை பேர் நிற்கிறார்கள்" என்று ஒரு கேள்வி வந்து விழும். செஞ்சிலுவைக்காரர் பக்கம் சாராமை, நடுநிலை என்று சலிக்கச் சலிக்கச் சொல்வது இதற்காகத்தான்.

வேறு நாடுகளில் வெளிநாட்டுப் படை வந்து காப்பாற்றியதே இல்லையா?

இருக்கிறது, சிறிய அளவில். 2000 இல் சியராலியோனில் பிரிட்டிஷ் படை இறங்கியதும் தலைநகரம் தப்பியது: அரசு அழைத்தது, ஐ.நா. படை ஏற்கனவே இருந்தது, நோக்கம் சின்னது. சோமாலியாவில் 1992 இல் அமெரிக்கப் படை உணவு லொறிகளைக் காக்கத்தான் போனது. கொஞ்சக் காலம் காத்தது, உயிர்கள் தப்பின. பிறகு ஒரு தளபதியைப் பிடிக்கப் போய் 1993 அக்டோபரில் மொகடிஷுவில் மாட்டி, அடுத்த வருடம் கிளம்பியது. பொஸ்னியாவில் ஸ்ரெப்ரெனிகாவைப் "பாதுகாப்பு வலயம்" என்று ஐ.நா. அறிவித்தது, 1995 ஜூலையில் அது விழுந்ததும் அங்கே ஒதுங்கியிருந்த சுமார் 8,000 ஆண்களும் பையன்களும் கொல்லப்பட்டார்கள். வன்னியில் அரசு அறிவித்த "பாதுகாப்பு வலயம்" எங்களுக்கு நினைவு வராமல் இருக்குமா? லிபியாவில் 2011 இல் மக்களைக் காக்கத் தந்த அனுமதி ஆட்சி மாற்றத்தில் முடிந்தது, அதைக் காட்டித்தான் ரஷ்யாவும் சீனாவும் பிறகு சிரியா விஷயத்தில் வீட்டோ போட்டன.

நிவாரணத்துக்கு, நைஜீரியாவில் இருந்து பிரியப் போராடிய பயாஃப்ரா நல்ல பாடம். நைஜீரிய உள்நாட்டுப் போரில், 1967 முதல் 1970 வரை, முற்றுகைக்குள் இருந்த சனத்துக்குத் தேவாலய அமைப்புகள் இரவிரவாக உலி என்ற றோட்டு ஓடுபாதையில் விமானம் இறக்கின. பால்மா இறங்கிய அதே ஓடுபாதையில் அதே இருட்டில் ஆயுத விமானமும் இறங்கியது. 1969 ஜூனில் செஞ்சிலுவை விமானம் ஒன்றை நைஜீரியா சுட்டு வீழ்த்தியது. லட்சக்கணக்கான பிள்ளைகள் அந்தப் பால்மாவால் பிழைத்தார்கள், அந்த விமானங்களால் போரும் நீண்டது என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டு பேரிடமும் நியாயம் இருக்கிறது, நான் பால்மாப் பக்கம்.

சூடானுக்குக் காசு கொடுக்கச் சொல்லிக் கேட்கிறார்கள். எதைப் பார்த்துக் கொடுப்பது?

பெரிய பெயரைப் பார்த்து மயங்காதீர்கள், சின்னப் பெயரைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம். அவர்களுடைய ஆள் எந்த ஊரில் நிற்கிறார், சாமான் எந்த எல்லையால் போகிறது, அந்த எல்லையில் யார் முத்திரை குத்துகிறார்கள் என்று கேளுங்கள். நேர்மையான அமைப்பு இதற்குப் பதில் சொல்லும், இன்றைக்குப் போக முடியவில்லை என்றால் அதையும் சொல்லும். சூடானில் 2023 ஏப்ரலில் போர் தொடங்கியது. மேற்குச் சூடானின் டார்பூருக்குள் போக சாட் நாட்டில் இருந்து அட்ரே என்ற வாசல் இருக்கிறது. 2024 பெப்ரவரியில் சூடான் இராணுவ அரசு அதைப் பூட்டியது, ஆகஸ்டில்தான் திறந்தது. பூட்டியிருந்த ஆறு மாதமும் லொறிகளைச் சுற்றுவழியால் அனுப்பப் பார்த்தார்கள், மழை தொடங்கியதும் அதிலும் பாதி சேற்றில். ஊர்களுக்குள் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தது பெரும்பாலும் அந்தந்த ஊர் இளைஞர்கள் நடத்துகிற சமையல்கூடங்கள்தான், அவர்களுக்குக் காசு போய்ச் சேருகிற வழி இருந்தால் முதலில் அதைப் பாருங்கள்.